பந்து பொறுக்கிய பிள்ளை: ஹாஷிம் கானின் கதையில் அந்த வீடியோ சொல்லாதது

போன கிழமை தரம் 9இல் எனக்கு ரிலீஃப் பாடவேளை. அந்த 40 நிமிடத்தில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. பிள்ளைகள் எதையாவது கேட்பார்கள், நான் தெரிந்ததைச் சொல்வேன். அன்று பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான்.

"சேர், பாகிஸ்தான்ல ஒரு ஸ்குவாஷ் பிளேயராம். பள்ளிக்கூடத்த விட்டுட்டுப் பந்து பொறுக்கித்தானாம் உலகச் சம்பியனானார். வீடியோ பாத்தன்."

நான் அவசரத்தில், "அது ஆயிரத்துல ஒராளுக்கு நடக்கிறது மகன், நீ படி" என்று சொல்லி இருத்திவிட்டேன். மணியும் அடித்துவிட்டது.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையின் வாப்பா மௌத்தாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பின்னேரங்களில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கின்றான். வரவு இடாப்பில் கிழமைக்கு இரண்டு நாள் அவனுடைய கட்டம் வெறுமையாகக் கிடக்கின்றது. அவன் என்னிடம் ஸ்குவாஷ் பற்றிக் கேட்கவில்லை. பள்ளியை விட்டாலும் ஆள் ஆகலாம்தானே என்று அனுமதி கேட்டிருக்கின்றான். நான் ஆயிரத்தில் ஒன்று என்று கணக்குச் சொல்லியிருக்கின்றேன்.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகின்றேன். நீண்ட பதிவு. பிளேன்டி ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

அந்த வீடியோவில் வருபவர் ஹாஷிம் கான். பெஷாவருக்கு அருகே நவாகில்லி என்ற சிறிய கிராமத்தில் பிறந்த பஷ்தூன். பிறந்த வருடம் திட்டமாக இல்லை. 1910 என்று எழுதுபவர்களும் உண்டு, 1914 என்று எழுதுபவர்களும் உண்டு. பதிவு செய்யும் வழக்கமே இல்லாத வீடு. இந்த நாலு வருட இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்குவாஷ் விளையாட்டை நம் பிள்ளைகளில் பலர் கண்ணால் கண்டதில்லை. நாலு சுவருக்குள் இரண்டு பேர். 32 அடி நீளம், 21 அடி அகலம். முன்சுவரில் பந்தை அடிக்க வேண்டும், திரும்பி வரும் பந்து இரண்டாம் முறை தரையில் படுவதற்குள் மற்றவர் எடுத்துவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹரோ பாடசாலையில் தொடங்கிய விளையாட்டு. பிரித்தானியப் படை போன இடமெல்லாம் கூடவே போனது. கெய்ரோவிலும் பம்பாயிலும் பெஷாவரிலும் அதிகாரிகளின் கழகங்களுக்குப் பக்கத்தில் இந்தச் சுவர்கள் எழும்பின.

கைபர் கணவாய்க்கு இந்தப் பக்கம் பெஷாவர் பெரிய இராணுவ நகரம். ஹாஷிமின் வாப்பா அப்துல்லாஹ் கான் அங்கே பிரித்தானிய அதிகாரிகளின் கழகத்தில் தலைமைப் பரிசாரகர். மகனை எட்டு வயதளவில் அங்கே கூட்டிப் போனார். அந்த ஸ்குவாஷ் கோட்டுக்குக் கூரை இல்லை. ஓங்கி அடித்தால் பந்து சுவரைத் தாண்டி வெளியே விழும். அதை ஓடி எடுத்து உள்ளே எறிவதற்கு ஒரு பிள்ளை தேவை. ஹாஷிமின் ஸ்குவாஷ் வாழ்க்கை சுவருக்கு வெளியே, வெறுங்காலில் ஆரம்பித்தது.

அவருக்கு 11 வயதாக இருக்கும்போது வாப்பா ஒரு வாகன விபத்தில் காலமானார். பிள்ளை பள்ளியை விட்டு, முழுநேரமாகப் பந்து எடுப்பவனாகவும் கோட்டைக் கூட்டுபவனாகவும் ஆனான்.

வீடியோக்காரர்கள் இந்த இடத்தை அரைச் செக்கனில் கடந்துவிடுகின்றார்கள். "பள்ளியை விட்டார்", அடுத்த காட்சியில் கையில் கிண்ணம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு காலம் தெரியுமா? அவர் விமானப்படை அதிகாரிகளின் மெஸ்ஸில் ஸ்குவாஷ் பயிற்றுவிப்பாளராக நியமனம் பெற்றது 1942இல். பிறந்த வருடத்தை எப்படி எடுத்தாலும், பள்ளியை விட்டதற்கும் இதற்கும் இடையில் 17 முதல் 21 வருடம். அந்தக் காலம் முழுக்க அவர் மற்றவர்களின் பந்துக்குப் பின்னால் ஓடியவர்தான்.

அதற்குள் எப்படி விளையாடப் பழகினார்? பெஷாவரின் கோடைப் பகல் யாரையும் வெளியில் நிற்கவிடாது. அதிகாரிகள் உச்சி வெயிலில் உள்ளே போய்விடுவார்கள். அப்போது கோட் வெறுமையாகக் கிடக்கும். பந்து எடுக்கும் பொடியன்கள் உடைந்த ரக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். கூட விளையாட ஆளில்லாத நாட்களில் ஹாஷிம் தனக்குத் தானே எதிரியாக நின்று, இரண்டு பேருடைய அடியையும் ஒருவராகவே அடித்துப் பழகியிருக்கின்றார். சுடும் சீமெந்துத் தரை, வெறுங்கால், வேலைநேரம் தொடங்குவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரம்.

பயிற்றுவிப்பாளர் என்றவுடன் இன்றைய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைய பிரித்தானிய விளையாட்டு உலகில் இரண்டு சாதி. ஒன்று, சம்பளம் வாங்காமல் பொழுதுபோக்காக விளையாடும் கனவான்கள். மற்றது, கழகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இன்று தொழில்முறை என்றால் கௌரவம். அன்று அது கழகத்தின் வேலையாள் என்று பொருள். அதிகாரி விளையாட விரும்பினால் எதிரே நிற்க வேண்டும். அவருக்கு நல்ல வியர்வை வரும்படி, அதேநேரம் மனம் நோகாதபடி பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஹாஷிமின் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரு விடயத்தைச் சொல்கின்றார்கள்: அவர் எடுக்காத பந்து இல்லை. ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரம், ஆனால் எந்த மூலைக்கும் போய்ச் சேர்ந்துவிடுவார். மலைக்காற்று சுவாசித்த நுரையீரல், பட்டாணிய இரத்தம் என்றெல்லாம் அதற்குக் காரணம் எழுதினார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. மலையில் பிறந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். 20 வருடம் ஒவ்வொரு பந்தையும் எடுத்துக் கொடுப்பதையே தொழிலாகச் செய்த ஒருவர், எந்தப் பந்தையும் விடாமல் எடுப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கின்றது?

1944இல் பம்பாயில் அகில இந்திய தொழில்முறைச் சம்பியன்ஷிப். ஹாஷிம் போனார், வென்றார். அங்கே அவர் தோற்கடித்தவர்களில் ஒருவர் அப்துல் பாரி, ஹாஷிமின் உறவினர். அடுத்த இரண்டு வருடமும் பட்டம் ஹாஷிமிடமே இருந்தது.

பிறகு 1947. எல்லை கோடாக விழுந்தது. ஹாஷிமின் ஊர் பாகிஸ்தானுக்குள் வந்தது. பாரி பம்பாயிலேயே இருந்துவிட்டார். வெள்ளைக்கார அதிகாரிகள் போய்விட்டார்கள், மெஸ்ஸும் கோட்டும் அப்படியே இருந்தன. புதிய பாகிஸ்தான் விமானப்படை ஹாஷிமைத் தன் பயிற்றுவிப்பாளராக வைத்துக்கொண்டது. 1949இல் பாகிஸ்தானின் முதல் சம்பியனும் அவர்தான்.

இங்கே கதை நின்றிருக்கலாம். 35 வயதை நெருங்கிய, அல்லது ஏற்கெனவே கடந்த ஒருவர். நல்ல வேலை, குடும்பம், பிள்ளைகள். விளையாட்டில் ஓய்வு பெறும் வயது. லண்டனில் அவர் பெயரை அறிந்தவர் ஒரு சில முன்னாள் அதிகாரிகள் மட்டும்.

நிற்காமல் போனதற்குக் காரணம் அவருடைய ரக்கட் அல்ல, ஒரு செய்தி. 1950இல் இந்தியா அப்துல் பாரியை இங்கிலாந்துக்கு அனுப்பியது. பிரித்தானிய பகிரங்கச் சம்பியன்ஷிப் என்பது அன்று உலகச் சம்பியன்ஷிப்புக்குச் சமம். வேறு உலகப் போட்டி கிடையாது. பாரி அதில் இறுதிப் போட்டி வரைக்கும் போய், எகிப்தின் மஹ்மூத் கரீமிடம் தோற்றார்.

பெஷாவரில் அந்தச் செய்தியைக் கேட்டவரை நினைத்துப் பாருங்கள். நான் தோற்கடித்த ஆள் உலகத்தில் இரண்டாமவர் என்றால் நான் யார்? ஹாஷிம் அதிகாரிகளிடம் போய்க் கேட்கத் தொடங்கினார், என்னையும் அனுப்புங்கள் என்று. புதிய நாடு, கையில் காசில்லை. ஆனால் பக்கத்து நாடு ஒருவரை அனுப்பிப் பெயர் வாங்கிவிட்டதே என்ற உணர்ச்சியும் இருந்தது. விமானப்படை முன்னின்றது, அரசும் உதவியது. 1951இல் அவர் விமானம் ஏறினார்.

கரீம் சாதாரண ஆள் அல்ல. 1947 முதல் 1950 வரை தொடர்ந்து 4 முறை அந்தப் பட்டத்தை வென்றவர். அவரும் கெய்ரோவின் கெஸீரா கழகத்தில் சம்பளத்துக்கு இருந்த தொழில்முறை ஆட்டக்காரர்தான். எகிப்திலிருந்து அவருக்கு முன் சம்பியனான அம்ர் பே ஒரு இராஜதந்திரி, கனவான் ஆட்டக்காரர், 6 முறை வென்றவர். 1951இல் மோதிய இருவரும் கழக வேலையாட்கள். விளையாட்டின் சொந்தக்காரர்கள் சுற்றி இருந்து பார்த்தார்கள். அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பெஷாவரின் கூரையில்லாத வெக்கையான கோட்டில் பந்து துள்ளும். இங்கிலாந்தின் மூடிய, குளிரான கோட்டில் அதே பந்து அவ்வளவு எழும்பாது. அதற்கும் பழக வேண்டியிருந்தது. முதலில் ஸ்கொட்லாந்துப் போட்டியில் கரீமை வென்றார். பிறகு லண்டனில் இறுதிப் போட்டி. 9-5, 9-0, 9-0.

அன்றைய விதிப்படி, சேர்வ் போடுபவர் மட்டுமே புள்ளி எடுக்கலாம். 9 புள்ளிக்கு ஒரு செட். 4 வருடம் தொடர்ந்து அந்தப் பட்டத்தை வைத்திருந்த சம்பியன், கடைசி இரண்டு செட்டிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. வென்றவருக்கு வயது 37 என்றும் சொல்லலாம், 41 என்றும் சொல்லலாம். நான் மேலே சொன்ன நாலு வருட இடைவெளி இங்கேதான் வருகின்றது.

அடுத்த வருடமும் கரீமையே வென்றார். 1956 வரை தொடர்ந்து 6 பட்டம். 1957இல் ரோஷன் கானிடம் தோற்றார். முடிந்தது என்று நினைத்தபோது 1958இல் திரும்பி வந்து ஏழாவது பட்டத்தை எடுத்தார். அம்ர் பேயின் 6 என்ற எண்ணிக்கை முறிந்தது. அப்போது அவருக்குக் குறைந்தது 43 வயது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அவர் கதவைத் திறந்தபின் செய்த வேலை. தம்பி அஸாம் கான் டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அவரை ஸ்குவாஷுக்கு இழுத்து, இங்கிலாந்துக்கும் கூட்டிப் போனார். 1954, 1955 இரண்டு வருடமும் இறுதிப் போட்டி அண்ணன் தம்பிக்கிடையில். இரண்டும் ஐந்து செட் வரை போயின, இரண்டிலும் அண்ணன் வென்றார். தம்பி விட்டுக்கொடுத்தார் என்று பேசியவர்களும் உண்டு. அண்ணன் தம்பி உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சு ஏன் வந்தது என்று விளங்கும். பிறகு 1959 முதல் 1962 வரை அஸாம் 4 முறை வென்றார். 1963இல் மருமகன் முஹிபுல்லாஹ் கான். 1951 தொடக்கம் 1963 வரை 13 வருடம், அந்தக் கிண்ணம் ஒரே உறவுக்கூட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. ரோஷன் கானின் மகன் ஜஹாங்கீர் கான் 1982 முதல் 1991 வரை தொடர்ந்து 10 முறை வென்றதும், நவாகில்லியிலிருந்தே வந்த ஜான்ஷேர் கான் 8 முறை உலகச் சம்பியனானதும் பிந்திய கதை. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

சில நண்பர்கள் இந்தப் பட்டியலை மட்டும் எடுத்து "நம்மவர்கள்" என்று பகிர்கின்றார்கள். தவறில்லை. நானும் சின்ன வயதில் ரேடியோவில் ஜஹாங்கீர் வென்ற செய்தியைக் கேட்டுத் துள்ளியவன்தான். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்தால் நவாகில்லியில் பிறந்தாலே சம்பியன் என்று தோன்றிவிடும். அந்தக் கழகத்தைச் சுற்றிப் பந்து பொறுக்கியது ஹாஷிம் ஒருவர் மட்டுமா? அவரோடு வெயிலில் இறங்கி விளையாடிய மற்றப் பொடியன்களுக்கு விமானச் சீட்டு யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. ஆகவே அவர்களுக்குப் பெயரும் இல்லை.

7 முறை உலகத்தை வென்றவர் என்ன பணக்காரர் ஆனாரா? அந்தக் காலத்தில் ஸ்குவாஷில் பரிசுத்தொகை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சம்பியனானாலும் யாருக்காவது சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். அமெரிக்காவில் ஆடினார். அங்கே கோட் ஒடுக்கம், பந்து கடினம், கிட்டத்தட்ட வேறு விளையாட்டு. 1954இல் அங்கு நடந்த முதலாவது பகிரங்கச் சம்பியன்ஷிப்பின் இறுதியில் தோற்றார். பிறகு அதையும் பழகி 3 முறை வென்றார், கடைசியாக 1963இல். 1960களின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரக் கழகம் ஒன்று பயிற்றுவிப்பாளர் வேலை கொடுத்தது. குடும்பத்தோடு குடியேறினார். பின்னர் டென்வர். உலகச் சம்பியன் மறுபடியும் ஒரு கழகத்தில் அங்கத்தவர்களுக்குப் பந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு வித்தியாசம், இந்த முறை அவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

1967இல் அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது, ஸ்குவாஷ் ஆடும் முறை பற்றி. அவர் சொல்லச் சொல்ல ஒரு அமெரிக்க நண்பர் எழுதியது. பள்ளியை விட்ட மனிதரின் ஆங்கிலத்தை இலக்கணம் பார்த்துத் திருத்தாமல், அவர் பேசும் விதத்திலேயே விட்டிருக்கின்றார்கள். சொல்ல வந்தது எல்லாம் தெளிவாக விளங்கும். மொழி கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, நாங்கள் சிவப்புப் பேனையால் எத்தனை பேரின் வாயை மூடியிருக்கின்றோம் என்று.

வீடியோவில் வராத இன்னொரு விடயம். ஹாஷிமுக்கு 12 பிள்ளைகள். மூத்த மகன் ஷரீஃப் கானை அவர் பெஷாவரில் பந்து பொறுக்க விடவில்லை. இங்கிலாந்தின் மில்ஃபீல்ட் பாடசாலை ஸ்குவாஷுக்காகப் புலமைப்பரிசில் கொடுத்தது, மகன் அங்கே போய்ப் படித்தார். பிறகு அவர் வட அமெரிக்க பகிரங்கச் சம்பியன்ஷிப்பை 12 முறை வென்றது வேறு கதை. நான் கவனிக்கச் சொல்வது, பள்ளியை விட்டு உலகச் சம்பியனான வாப்பா, தன் பிள்ளைக்குக் கிடைத்த பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பள்ளியை விட்டது விருப்பத்தில் அல்ல, வாப்பா இல்லாததால்.

ஹாஷிம் கான் 2014 ஆகஸ்ட் 18இல் அமெரிக்காவின் கொலராடோவில் காலமானார். 100 வயது என்று பத்திரிகைகள் எழுதின, 104 என்றும் எழுதின. 90 வயதைத் தாண்டியும் கோட்டில் இறங்கியவர். பெஷாவரில் விமானப்படையின் ஸ்குவாஷ் வளாகத்துக்கு அவர் பெயர்.

இதையெல்லாம் இந்தத் திங்கட்கிழமை இடைவேளையில் அந்த மாணவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். பனிஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்து, நூலகத்துக்குப் பின்னால் இருந்த வாங்கில் இருந்து. பெரிதாக முகம் மாறாமல் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"சேர், அந்த பாரிய இந்தியாவால அனுப்பாம இருந்திருந்தா?"

"அப்ப நீ அந்த வீடியோவ பாத்திரிக்க மாட்டாய் மகன்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, கடை முதலாளி காலையிலும் வரச் சொல்கின்றார், உம்மாவுக்கும் மறுக்க முடியவில்லை என்றான். அதுவரைக்கும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய் வந்தான். புதன் வரவில்லை. இன்று வியாழன், வந்திருந்தான். நாளை ஜும்ஆவுக்குப் பிறகு நானும் எங்கள் பகுதித் தலைவரும் அந்த முதலாளியைச் சந்திக்கப் போகின்றோம். பின்னேர வேலை இருக்கட்டும், காலையை மட்டும் விட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான். அவர் எனக்கும் பழைய மாணவர், முகம் கொடுத்துப் பேசுவார் என்று நினைக்கின்றேன்.